லூமிக்ஸ் டிஇசட்90: முழு ஜூமில் தெளிவான படம் எடுப்பது எப்படி?

பானசோனிக் லூமிக்ஸ் டிஇசட்90 கேமராவைப் பயன்படுத்தியதாக வாங்கியிருக்கிறீர்கள். ஐஏ எனப்படும் முழுத் தானியங்கி நிலையில் அருகிலுள்ளவை நன்றாக வருகின்றன என்றும், வேடந்தாங்கலில் முழு ஜூமில் எடுத்த பறவைப் படங்கள் பெரும்பாலும் கலங்கலாக இருக்கின்றன என்றும் எழுதியிருக்கிறீர்கள். மேலே உள்ள நிலைச் சக்கரத்தில் எந்த எழுத்தில் வைப்பது, லென்ஸைச் சுற்றியுள்ள வளையம் எதற்கு, இதற்குப் பதில் கேனன் எஸ்எக்ஸ்740 வாங்கியிருக்கலாமா என்பவை உங்கள் கேள்விகள். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் கேமராவில் பழுது இருப்பதாகத் தோன்றவில்லை. தொலைவிலுள்ள பறவைக்கு வேண்டிய ஷட்டர் வேகத்தை, அதாவது படம் பதியும் கணநேரத்தின் அளவை, தானியங்கி நிலை தேர்ந்தெடுப்பதில்லை. அதை நீங்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். இந்தக் கேமராவின் விசைகளில் பெரும்பாலானவற்றை அந்த ஒரு தேவையிலிருந்து பார்த்தால் எது முதன்மையானது, எதை விட்டுவிடலாம் என்பது விளங்கிவிடும்.

முதலில் லென்ஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். 24 முதல் 720 மில்லிமீட்டர் என்று விளம்பரத்தில் குறிப்பிடுவது 35 மில்லிமீட்டர் ஃபிலிம் கேமராவுக்கு ஒப்பிட்ட கணக்கு. லென்ஸின் உண்மையான குவியத் தூரம் 4.3 முதல் 129 மில்லிமீட்டர் வரைதான். ஒளியைப் படமாகப் பதியும் சென்சார் ஏறத்தாழ 6.2 மில்லிமீட்டர் அகலமும் 4.6 மில்லிமீட்டர் உயரமும் மட்டுமே கொண்ட சிறு துண்டாக இருப்பதால்தான், கையடக்கமான உடலுக்குள் இத்தகைய லென்ஸை அமைக்க முடிந்திருக்கிறது. முழு ஜூமில் 100 மீட்டர் தொலைவில் உள்ள காட்சியில் சுமார் 4.8 மீட்டர் அகலமும் 3.5 மீட்டர் உயரமும் மட்டுமே சட்டத்துக்குள் விழும். அதே இடத்தில் நின்று ஜூமை முழுவதும் பின்னிழுத்தால் 143 மீட்டர் அகலம் தெரியும். இந்த 30 மடங்கு வேறுபாடுதான் இக்கேமராவின் பெருமை. ஆனால் கையின் சிறு நடுக்கமும் அதே 30 மடங்கு பெரிதாகிப் படத்தில் பதிகிறது.

இரண்டாவது சிக்கல் வெளிச்சம். அகன்ற முனையில் எஃப் 3.3 ஆக இருக்கும் அபர்ச்சர் (ஒளி புகும் துளை; எண் கூடினால் துளை சிறிது), ஜூம் நீள நீளக் குறைந்து கடைசியில் எஃப் 6.4 ஆகிறது. அதாவது, சென்சாரை எட்டும் ஒளி கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது. நல்ல வெயிலில், ஐஎஸ்ஓ எனப்படும் ஒளி உணர்திறன் அளவு 100-இல், எஃப் 6.4 அபர்ச்சருக்குச் சரியான ஷட்டர் வேகம் ஏறத்தாழ 1/640 விநாடி, அது போதுமானது. வானம் நன்றாக மூடியிருந்தால் அதே ஐஎஸ்ஓவில் வேகம் 1/80 வரை இறங்கிவிடும். மர நிழலில் இன்னும் குறையும். கையில் பிடித்து எடுக்கும்போது, 35 மில்லிமீட்டர் ஒப்பீட்டுக் கணக்கில் சொல்லும் குவியத் தூரத்தின் தலைகீழ் எண்ணையாவது ஷட்டர் வேகமாக வைக்க வேண்டும் என்பது பழைய விதி. இங்கே அது 1/720. லென்ஸுக்குள் உள்ள நடுக்கத் தடுப்பு, அசையாத பொருள்களுக்கு அந்த விதியைப் பெருமளவு தளர்த்தித் தருகிறது என்பது உண்மைதான். ஆயினும் அது உங்கள் கையின் அசைவைத்தான் ஈடுசெய்யும்; நத்தைகுத்தி நாரை கழுத்தைத் திருப்பினாலோ, அது அமர்ந்திருக்கும் கிளை காற்றில் ஆடினாலோ அதனால் ஒன்றும் செய்ய முடியாது. உங்கள் படங்களில் கிளை தெளிவாகவும் பறவை மட்டும் கலங்கியும் இருந்தால் அது பறவையின் அசைவு. முழுச் சட்டமும் ஒரே திசையில் இழுபட்டிருந்தால் அது கையின் அசைவு. பறவைக்குப் பின்னால் உள்ள இலைகள் தெளிந்திருந்தால் ஃபோகஸ் தவறியிருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் தீர்வு வேறு என்பதால், எடுத்த படங்களைக் கணினியில் பெரிதாக்கி இந்த மூன்றில் எது என்று முதலில் பிரித்துப் பாருங்கள்.

நிலைச் சக்கரத்தில் பி, ஏ, எஸ், எம் என்ற நான்கும் கைவசக் கட்டுப்பாடு தருபவை. பெரிய கேமராக்களைப் பற்றிய நூல்களும் காணொளிகளும் ஏ நிலையை, அதாவது அபர்ச்சரை நாம் தேர்ந்து ஷட்டர் வேகத்தைக் கேமராவிடம் விடும் நிலையை, மிகவும் போற்றுகின்றன. இந்தக் கேமராவில், அதுவும் ஜூமின் நீண்ட முனையில், அந்த அறிவுரையை ஏற்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. காரணம், அங்கே நீங்கள் தேர்ந்தெடுப்பதற்கு எஃப் 6.4 முதல் எஃப் 8 வரை, ஒரு நிறுத்தத்துக்கும் (ஒளி இரு மடங்காகவோ பாதியாகவோ மாறும் ஒரு படி) குறைவான இடைவெளிதான் இருக்கிறது. அந்த எஃப் 8-க்குப் போவதும் நன்மை தராது. 20.3 மெகாபிக்சலை இவ்வளவு சிறிய சென்சாரில் அடுக்கியிருப்பதால் ஒரு பிக்சலின் அகலம் சுமார் 1.2 மைக்ரோமீட்டர், எஃப் 6.4 துளையின் வழியாக வரும் ஓர் ஒளிப்புள்ளி, ஒளியின் விளிம்பு விலகல் (சிறு துளையின் விளிம்பில் ஒளி வளைந்து பரவுவது) காரணமாக, சுமார் 8.6 மைக்ரோமீட்டர் அகலத்துக்கு, அதாவது ஏழு பிக்சல் அளவுக்குப் பரவிவிடுகிறது. எஃப் 8-இல் அந்தப் பரவல் ஒன்பது பிக்சலாகும். ஆகவே துளையைச் சுருக்கினால் படம் கூர்மையாகும் என்ற பழக்கம் இங்கே எதிர்ப்பலனையே தரும். முழு ஜூமில் எடுத்த படத்தைத் திரையில் நூறு விழுக்காட்டில் பெரிதாக்கிப் பார்த்து மனம் தளரவும் வேண்டாம். அது எந்த நிலையில் எடுத்தாலும் சற்று மென்மையாகவே இருக்கும். பாதி அளவில் பார்த்து மதிப்பிடுங்கள்.

எனவே தொலைவுப் படங்களுக்கு உங்கள் நிலை எஸ் தான். அதில் ஷட்டர் வேகத்தை நீங்கள் வைக்கிறீர்கள். அபர்ச்சரைக் கேமரா பார்த்துக்கொள்கிறது. ஐஎஸ்ஓவைத் தானியங்கியாக விட்டுவிடலாம். அமர்ந்திருக்கும் பெரிய பறவைகளுக்கு 1/250 விநாடியில் தொடங்கலாம். இரை தேடி நடக்கும் அரிவாள் மூக்கனுக்கு 1/500 வேண்டும். பறப்பவற்றுக்கு 1/1000-க்குக் குறையக் கூடாது. வானம் மூடிய பொழுதில் 1/640 வேண்டுமென்றால் ஐஎஸ்ஓ 800 வரை உயர வேண்டியிருக்கும் என்பது மேலே சொன்ன கணக்கிலிருந்தே வரும். 800-இல் மணல் தூவியது போன்ற புள்ளிகள் தெரியத்தான் செய்யும். ஆனால் புள்ளிகள் உள்ள தெளிவான படத்தைப் பின்னர் ஓரளவு சீராக்க முடியும். அசைந்துவிட்ட படத்தை மீட்க முடியாது. இந்த ஒன்றில் மட்டும் தயக்கம் வேண்டாம். மெனுவில் தானியங்கி ஐஎஸ்ஓவுக்கு மேல் எல்லை வைக்கும் வசதி இருக்கிறது. அதை 1600-இல் நிறுத்துவது எனக்குச் சரியாகப் படுகிறது. 3200-இல் இறகுகளின் நுண்மை கரைந்துவிடுகிறது.

வெண்ணிற இறகுள்ள பறவைகளுக்கு இன்னொன்றும் சேர்த்துக் கவனிக்க வேண்டும். இருண்ட நீரின் முன் நிற்கும் கொக்கை எடுக்கும்போது, சட்டத்தின் பெரும்பகுதி கருமையாக இருப்பதால் கேமரா மொத்த ஒளியளவைக் கூட்டிவிடும். இறகுகள் வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். பின்பக்க நான்குதிசை விசைகளில் கூட்டல் கழித்தல் குறியிட்ட ஒளியீடு திருத்த விசையை அழுத்தி மூன்றில் இரண்டு முதல் ஒரு நிறுத்தம் வரை குறைத்து வையுங்கள். வெளிறிய வானத்தின் முன் பறக்கும் பறவைக்கு இதற்கு நேர்மாறாக ஒரு நிறுத்தம் கூட்ட வேண்டும்.

ஃபோகஸுக்கு வருவோம். 49 பகுதிகளைத் தானே அலசி முடிவெடுக்கும் முறைதான் தானியங்கி நிலையில் பறவைப் படங்களைக் கெடுக்கும் அடுத்த காரணம். 10 மீட்டர் தொலைவில் உள்ள பறவையை முழு ஜூமில் எடுக்கும்போது தெளிவாகத் தெரியும் ஆழம் ஏறத்தாழ 40 சென்டிமீட்டர்தான். குறுக்கே ஒரு சுள்ளி ஒரு மீட்டர் முன்னால் இருந்தால் கேமரா அதைப் பிடித்துக்கொள்ளும், பறவை கலங்கிவிடும். ஒற்றைப் பகுதி ஃபோகஸைத் தேர்ந்து, அந்தச் சதுரத்தைச் சிறிதாக்கி, நடுவிலேயே வைத்துவிடுங்கள். பறவையின் கண்ணிலோ கழுத்திலோ அதை நிறுத்தி, ஷட்டர் பொத்தானைப் பாதி அழுத்தி, சதுரம் பச்சையான பிறகு முழுவதும் அழுத்துங்கள். தொடுதிரையில் விரல் வைத்தும் இடத்தைத் தேர்ந்தெடுக்கலாம் என்றாலும், முழு ஜூமில் ஒரு கையை எடுத்துத் திரையைத் தொட்டால் சட்டமே நகர்ந்துவிடும். கிளைகள் அடர்ந்த இடத்தில் எந்தத் தானியங்கி ஃபோகஸும் தோற்கும். அப்போது கைவச ஃபோகஸுக்கு மாறி, தெளிந்த விளிம்புகளை வண்ணத்தில் எடுத்துக்காட்டும் பீக்கிங் வசதியை இயக்கி, லென்ஸ் வளையத்தை மெல்லத் திருப்பிப் பாருங்கள்.

நீங்கள் கேட்ட அந்த வளையத்துக்கு நிலையான ஒரே வேலை என்று ஒன்றில்லை. நீங்கள் இருக்கும் நிலைக்கேற்ப அது மாறும், மெனுவில் வேறு வேலையும் கொடுக்கலாம். ஜூம் வேலையைக் கொடுத்து, படிப்படி ஜூம் என்ற வசதியையும் சேர்த்துக்கொண்டால், லென்ஸ் 24, 28, 35, 50 எனப் பழக்கமான குவியத் தூரங்களில் நின்று நின்று நகரும். கோயிலிலும் தெருவிலும் இது மிகவும் உதவும். எஸ் நிலையில் ஷட்டர் வேகத்தைப் பின்பக்கச் சக்கரத்தில் மாற்றிக்கொண்டு வளையத்தை வேறு வேலைக்கு விடுவது என் விருப்பம். தொலைவுப் பறவைகளுக்கு மட்டும் ஜூமை, ஷட்டர் பொத்தானைச் சுற்றியுள்ள நெம்புகோலிலேயே இயக்குங்கள்; இடக்கை அப்போது லென்ஸின் அடியைத் தாங்கி நிற்க முடியும்.

முழு ஜூமில் பொருளைக் கண்டுபிடிப்பதே ஒரு கலை. சட்டத்தின் கிடைமட்டப் பார்வைக் கோணம் மூன்று பாகைக்கும் குறைவு என்பதால், பறவை ஒரு தாவு தாவினாலே காணாமற்போகும். பறவையை நடுவில் வைத்துப் பாதி ஜூமில் நிறுத்துங்கள், பிறகு நடுவிலிருந்து விலகாமல் பார்த்துக்கொண்டே மீதியை நீட்டுங்கள். கேனன் எஸ்எக்ஸ்740-இல் இதற்கென்றே ஒரு பொத்தான் உண்டு: அழுத்திப் பிடித்தால் ஜூம் பின்வாங்கி அகன்ற காட்சியைக் காட்டும், விட்டால் பழைய இடத்துக்கே நீண்டு திரும்பும். 2018-இல் வந்த அந்தக் கேமராவில் 40 மடங்கு ஜூம், 960 மில்லிமீட்டர் வரை இருக்கிறது. ஆனால் 720-க்கும் 960-க்கும் உள்ள வேறுபாடு மூன்றில் ஒரு பங்குதான். அங்கே அபர்ச்சரும் எஃப் 6.9 ஆகக் குறைந்துவிடுகிறது. அதில் சென்சாரின் மூலப் பதிவான ரா கோப்பும் இல்லை, கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரும் இல்லை. ஆகவே நீங்கள் வாங்கியதை மாற்ற வேண்டிய தேவை எதையும் நான் காணவில்லை.

வியூஃபைண்டரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்வேன், ஏனென்றால் பலர் அதைத் தொடுவதே இல்லை. டிஇசட்90-இல் உள்ளது 0.2 அங்குல அளவே உள்ள மின்னணுத் திரை. பெரிய கேமராவிலிருந்து வருபவருக்கு அது பொந்துக்குள் எட்டிப் பார்ப்பது போல இருக்கும். இருந்தும் 720 மில்லிமீட்டரில் அது இரண்டு காரணங்களுக்காக இன்றியமையாதது. நடுப்பகல் வெயிலில் பின்பக்கத் திரை கண்ணாடியாகிவிடும். வியூஃபைண்டரில் அந்தத் தொல்லை இல்லை. கைகளை நீட்டிப் பிடிப்பதற்குப் பதில் முழங்கைகள் விலாவில் ஒட்டி, கேமரா முகத்தில் அழுந்தி நிற்பதால் மூன்றாவது தாங்குதல் கிடைக்கிறது. இதனால் கிடைக்கும் நிலைத்தன்மை எந்த மெனு வசதியாலும் கிடைக்காது. அருகிலுள்ள சிறு திருகுச் சக்கரத்தைத் திருப்பி, உள்ளே எழுத்துகள் தெளியும்படி உங்கள் கண்ணுக்குப் பொருத்திக்கொள்ளுங்கள். கண்ணை வைத்திருக்கும்போது மூக்கு திரையில் பட்டு ஃபோகஸ் சதுரம் இடம் மாறுவதாக உணர்ந்தால், மெனுவில் அந்தத் தொடுதல் வசதியை அணைத்துவிடலாம். 2019-இல் வந்த டிஇசட்95-இல் இந்த வியூஃபைண்டர் மேம்பட்டது. 2025-இல் வந்த டிஇசட்99-இல் அதை எடுத்தேவிட்டார்கள். நீண்ட ஜூமை விரும்புவோருக்கு அது உண்மையான இழப்பு.

4கே ஃபோட்டோ பொத்தானை விளம்பர வித்தை என்று ஒதுக்கிவிடாதீர்கள். அது விநாடிக்கு 30 படங்களை 8 மெகாபிக்சல் அளவில் எடுக்கிறது. முன்பதிவு முறையில் நீங்கள் பொத்தானை அழுத்துவதற்கு ஒரு விநாடி முன்பிருந்த படங்களையும் சேர்த்துத் தருகிறது. மீன்கொத்தி பாய்வதைப் பார்த்த பிறகு அழுத்தினாலும் பாய்ச்சலின் தொடக்கம் கிடைக்கும். 20 மெகாபிக்சலிலிருந்து 8-க்கு இறங்குவது பேரிழப்பாகத் தோன்றலாம். மேலே சொன்ன ஒளிப் பரவல் காரணமாக முழு ஜூமில் நீங்கள் உண்மையில் இழப்பது அதைவிட மிகக் குறைவு. மின்கலம் விரைவில் தீரும் என்பதால் தேவைப்படும்போது மட்டும் இயக்குங்கள்.

ஜூம் பட்டையில் 30 மடங்கைத் தாண்டி 60 வரை போவது லென்ஸின் வேலையல்ல, கணக்கீட்டால் பெரிதாக்குவது. அதையும் டிஜிட்டல் ஜூமையும் அணைத்து வைத்துவிட்டு, வேண்டுமானால் பிறகு கணினியில் வெட்டிக்கொள்ளுங்கள். மின்னணு ஷட்டர் ஓசையற்றது, 1/16000 வரை போகும். ஆனால் சென்சாரை வரிவரியாகப் படிப்பதால் அசையும் சிறகுகள் வளைந்து தெரியும். 1/2000 வரை போகும் இயந்திர ஷட்டரே பறவைகளுக்குப் போதும். காட்சி நிலைகள், வண்ண விளைவுகள் ஆகியவற்றை இப்போதைக்கு மறந்துவிடலாம்.

கோபுரச் சுதைகளையும் எடுக்கப் போவதாகச் சொல்லியிருந்தீர்கள். அவை அசையாதவை என்பதால் நடுக்கத் தடுப்பின் முழுப் பயனும் அங்கே கிடைக்கும். 1/125 வரை இறங்கலாம், ஐஎஸ்ஓவைக் குறைத்து வைக்கலாம், ஒரே காட்சியை நாலைந்து முறை எடுத்துத் தெளிந்ததை வைத்துக்கொள்ளலாம். அங்கே எதிரி வேறு: வெப்பக் காற்று. பகல் பதினொரு மணிக்கு மேல் சூடேறிய கல்தளத்துக்கும் தார்ச்சாலைக்கும் மேலாகப் பார்க்கும்போது காற்று அலையலையாக நடுங்கி, எந்த லென்ஸிலும் சுதையின் முகங்கள் உருகியது போலப் பதியும். அதை எந்த விசையாலும் திருத்த முடியாது. காலை வெயில் கோபுரத்தில் சாய்வாக விழும் முதல் ஒன்றரை மணி நேரத்தைப் பயன்படுத்துங்கள். கூடுமானால் நெருங்கிச் சென்று ஜூமைக் குறையுங்கள். இடையிலுள்ள காற்று குறையும், வெளிச்சமும் கூடும்.

அபர்ச்சர், ஷட்டர் வேகம் இரண்டையும் நாமே வைக்கும் எம் நிலையைப் பழக நிலவு நல்ல பாடம். நிறைநிலவுக்கு எஃப் 6.4, ஐஎஸ்ஓ 100, 1/250 விநாடி என்று வைத்தால் மேற்பரப்பின் கருந்திட்டுகளும் பள்ளங்களும் தெரியும். முழு ஜூமில் நிலவின் விட்டம் சட்ட உயரத்தின் கால் பங்கு இருக்கும். தானியங்கி நிலையில் கறுத்த வானத்தைப் பார்த்துக் கேமரா ஒளியைக் கூட்டி வெள்ளை வட்டத்தைத் தந்துவிடும். முக்காலியில் வைக்கும்போது நடுக்கத் தடுப்பை அணைத்து, 2 விநாடித் தாமதத்தை இயக்குங்கள்.

நீளும் லென்ஸ் உள்ள சிறு கேமராக்கள் அனைத்துக்கும் தூசி ஒரு தீராத தொல்லை. ஜூம் உள்ளும் வெளியும் போகும்போது காற்றோடு தூசியையும் இழுக்கிறது. சென்சாரில் படிந்துவிட்டால் ஜூமை நீட்டும்போது வானத்தில் சாம்பல் புள்ளிகளாகத் தெரியும், லென்ஸைக் கழற்ற முடியாததால் பழுதுபார்ப்பவரிடம்தான் போக வேண்டும். நீங்கள் பயன்படுத்தியதாக வாங்கியிருப்பதால், மேகமற்ற வானத்தை முழு ஜூமில் எடுத்து இப்போதே சோதித்துவிடுங்கள். கடற்கரையிலும் மண்சாலையிலும் வெறும் பையில் போடாமல் மூடிய உறையில் வையுங்கள். இது மைக்ரோ யுஎஸ்பி வழியாகக் கேமராவுக்குள்ளேயே மின்னேறும் வகை என்பதால் கைப்பேசி மின்சேமிப்பானையே பயன்படுத்தலாம். பறவைக்குப் போகும் நாளில் டிஎம்டபிள்யூ-பிஎல்ஜி10 மின்கலம் இன்னொன்றும் கூட இருப்பது நல்லது.

அடுத்து வேடந்தாங்கல் போகும் முன், வீட்டுக்கு எதிரே 30 மீட்டர் தள்ளியிருக்கும் ஒரு பெயர்ப்பலகையை முழு ஜூமில், வியூஃபைண்டரில் பார்த்தபடி, 1/60, 1/125, 1/250, 1/500 என்ற வேகங்களில் பத்துப் பத்துப் படங்களாக எடுத்துப் பாருங்கள். பத்தில் ஏழெட்டுப் படங்களில் எழுத்துகள் தெளிவாக இருக்கும் மிகக் குறைந்த வேகம் எதுவோ, அசையாத பொருள்களுக்கு அதுவே உங்கள் கையின் எல்லை. அந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு, எஸ் நிலை, 1/500, ஐஎஸ்ஓ எல்லை 1600, ஒற்றைப் பகுதி ஃபோகஸ், டிஜிட்டல் ஜூம் இல்லை என்ற தொகுப்பை மெனு வழியாகச் சக்கரத்தின் சி நிலையில் சேமித்துவிடுங்கள். பறவை கண்ணில் பட்டதும் சக்கரத்தை சி-க்குத் திருப்பினால் போதும். மற்றப் பொழுதுகளுக்கு ஐஏ நிலை அப்படியே இருக்கட்டும்.